முத்திரை வைத்த பெட்டியும் எங்கள் சனிக்கிழமைகளும்

சென்ற மாதம் பழைய நண்பர்களைப் பார்க்க ஆலைக்குப் போயிருந்தேன். பின்னல் கூடத்தில் ஒரு புது மிஷின் நின்றுகொண்டிருந்தது. ஊசி உடையவில்லை, மோட்டார் கருகவில்லை, நூலும் அறுபடவில்லை. திரையில் ஏதோ கடவுச்சொல் கேட்டது. அதைத் தரவேண்டிய கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது, அன்று அங்கே விடுமுறை. மெக்கானிக் பையன்கள் மிஷினைச் சுற்றிக் கை கட்டி நின்றார்கள். அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, "தோந்தோன் பழனி, உங்க காலத்துலயும் இப்படித்தானா?" என்று கேட்டான். தோந்தோன் என்றால் இங்கே மொரீஷியஸில் மாமா மாதிரி.

நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. "கொஞ்சம் இப்படித்தான், கொஞ்சம் இப்படி இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் திருப்பூர்ப் பக்கம் பிறந்தவன், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. காலர் மிஷின் ஓடும் பட்டறையில் சேர்ந்து, எண்ணெய் துடைப்பதில் தொடங்கி ஊசி மாற்றுவது, ஊசிகளை ஏற்றி இறக்குகிற கேம் சரிபார்ப்பது என்று பிட்டர் ஆனேன். அந்தப் பட்டறையில் தொழிலை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பெரிய பிட்டர் மிஷினுக்குள் கை விடும்போது முதுகைத் திருப்பி மறைத்துக்கொள்வார். நாங்கள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். மொரீஷியஸில் துணி ஆலைகள் மளமளவென்று எழும்பிய காலத்தில், ஸ்வெட்டர் பின்னும் மிஷினுக்கு ஆள் வேண்டும் என்று ஓர் ஏஜென்ட் வந்தார். பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்பிவிட்டேன்.

தேர் ரூஜ் என்கிற ஊரில் இருந்தது எங்கள் ஆலை. பெயர் வேண்டாம். நான் வேலை செய்வதற்கான அனுமதி, அதாவது பெர்மிட், அந்த ஆலைக்கு மட்டும்தான் செல்லும். டைரக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அது நீளும், போடாவிட்டால் விமானம் ஏறவேண்டியதுதான். ஊரில் தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள், அப்பாவுக்கு இழுப்பு. டைரக்டர் கூடத்துக்குள் வந்தால் என் உள்ளங்கை வியர்த்து ஸ்பேனர் வழுக்கும். தப்பு எதுவும் செய்யாத நாளிலும் அப்படித்தான்.

என் மேலாளர் தலைமை மெக்கானிக் ரோலான். கருத்த, கனத்த மனிதர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். அவருடைய குடும்பப் பெயர் முருகன். "என் தாத்தாவோட தாத்தா உங்க ஊர்லேருந்து கப்பல்ல வந்தவர், எனக்குத் தமிழ்ல இந்தப் பேர் மட்டும்தான் மிச்சம்" என்று சிரிப்பார். பேசுவது கிரியோல். இங்கே அவர் பேச்சை எல்லாம் எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார், அது எனக்குத் திட்டை விடப் பயமாக இருந்தது. சனிக்கிழமை வேலை பாதி நாள். மணி அடித்ததும் மெக்கானிக்குகள் எல்லாரும் கைகழுவிவிட்டுக் கூடத்தின் நடுவில் நிற்க வேண்டும். அந்த வாரம் யார் புதிதாக ஒரு கோளாறைச் சரி செய்தாரோ அவர் மிஷினைத் திறந்து, எங்கே என்ன கெட்டது, எப்படிக் கண்டுபிடித்தார், எப்படி மாற்றினார் என்று மற்றவர் முன்னால் செய்து காட்ட வேண்டும். ரோலான் கையைத் தட்டி, "ஊவேர், மோந்த்ரே!" என்பார். திற, காட்டு என்று அர்த்தம். வேறு ஆலை மெக்கானிக்குகள் யாராவது வந்தாலும் நிற்கலாம். அவர்களும் தங்கள் ஆலையில் கண்டதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கூடத்தின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. நாங்கள் ராவி எடுத்த கேம்கள், டிசைன் குத்திய அட்டைகள், திருத்திய வரைபடங்கள் எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பூட்டே கிடையாது. யாரும் எடுத்து நகல் செய்துகொள்ளலாம். ஒரே ஒரு விதி: எடுத்ததைவிட நல்லதாக ஆக்கினால், அதையும் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

முதல் முறை என்னை அழைத்தபோது நான் கழிவறையில் போய் ஒளிந்துகொண்டேன். ரோலான் கதவுக்கு வெளியே வந்து நின்றார். "பழனி, நீ பேச வேண்டாம். கையால் காட்டு, நாங்க பார்த்துக்கறோம்." அதற்குப் பிறகு நான் பேசாமல் காட்டினேன். திருப்பூரில் முதுகைத் திருப்பிக்கொண்ட பிட்டரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் மிஷின்கள் வந்தன. ஐரோப்பாவிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கின. பக்கவாட்டில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, அதன் மூடியில் ஈயமுத்திரை. அதற்குள் மிஷினை நடத்துகிற புரோகிராம் இருந்தது. முத்திரையை உடைத்தால் பொறுப்பேற்க மாட்டோம், உள்ளே இருப்பதைப் படிக்கவோ நகல் எடுக்கவோ கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததாம். டிசைனை மட்டும் நாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்து, டிஸ்க்கில் கொண்டுவந்து போடலாம்.

அந்தச் சனிக்கிழமை ரோலான் முத்திரையைத் தடவிப் பார்த்தார். "இதை எப்படி மோந்த்ரே பண்றது?" என்று கேட்டார்.

சீக்கிரமே கோளாறு தெரிந்தது. ஸ்வெட்டர் கையைப் பின்னும்போது தோள் பக்கம் குறுகிக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஓரத்துக் கண்ணிகளை ஒரு ஊசியிலிருந்து பக்கத்து ஊசிக்கு மாற்றுவார்கள். அந்த நேரத்தில் ஊசிகள் பதிந்த பின்படுக்கை கொஞ்சம் நகரும். நூலைக் கொண்டுபோகிற கேரேஜ் ஓரத்தைத் தாண்டுவதற்குள் படுக்கை நகர்ந்துவிட்டது. ஊசிகள் மடங்கின, சில ஒடிந்தன. கண்ணிமைக்கும் நேரம் தாமதித்து நகர்ந்தால் போதும் என்று எங்கள் எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தது. அந்தத் தாமதத்தைச் சொல்ல வேண்டிய இடம் முத்திரைக்கு உள்ளே இருந்தது.

மிஷின் செய்த கம்பெனிக்கு அவசரமாக ஃபேக்ஸ் அனுப்பினார்கள். டெக்னீஷியன் வருவார், காத்திருங்கள் என்று பதில் வந்தது. காத்திருக்கிற மிஷின் முன்னால் அதை ஓட்டுகிற பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபமும் அதோடு பறந்துவிடும், அடுத்த ஆர்டர் வராது, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு. வெளிநாட்டு ஆட்களைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆபீஸில் டிசைன் புரோகிராம் பார்த்தவர் சுந்தர், திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் படித்தவர். அவரோடு மட்டும்தான் நான் வாய் நிறையத் தமிழ் பேசுவேன்.

"சுந்தர் சார், ஒரு சந்தேகமுங்க."

"சார்னு கூப்பிடாதீங்கண்ணே, எனக்கே யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு."

"அந்தப் பொட்டியத் தொறக்காமயே கேரேஜைக் கொஞ்சம் சுத்தவிட முடியுமாங்க? நூல் இல்லாம சும்மா ஒருதடவை போய்ட்டு வரட்டும். அதுக்குள்ள படுக்கை நகர்ந்துக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "அந்த யோசனை எனக்கும் இருக்குண்ணே. ஆனா டிஸ்க்ல டிசைன் எந்த முறையில எழுதியிருக்குன்னு அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க. கண்ணைக் கட்டிக்கிட்டுத் தேடணும்."

தேடினார். ஒரு கண்ணி மட்டும் உள்ள டிசைன் செய்வார், பிறகு இரண்டு கண்ணி உள்ளது, டிஸ்க்கில் எது மாறியது என்று பார்ப்பார். என்னிடம் கொடுப்பார், நான் மிஷினில் ஓட்டி என்ன நடந்தது என்று வந்து சொல்வேன். ஊசி ஒடியுமோ என்று ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவேன். பல ஊசிகள் ஒடிந்தன. கடைசியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். எந்த டிசைனைக் கொடுத்தாலும், கண்ணி மாற்றுகிற இடங்களில் அதுவே ஒரு வெறும் ஓட்டத்தைச் செருகிவிடும். முத்திரை அப்படியே இருந்தது, ஸ்வெட்டர் கை ஒழுங்காகப் பின்னி இறங்கியது.

அன்று கேன்டீனில் தேநீர் குடிக்கும்போது சுந்தர் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு புரோகிராமர் இருந்தாராம். அவர்கள் அறையில் காகிதம் சிக்கிக்கொண்டே இருக்கிற பிரிண்டர் ஒன்று. சிக்கினால் எல்லாருக்கும் செய்தி போகிற மாதிரி மாற்றலாம் என்று அதை நடத்துகிற புரோகிராமின் மூலத்தை, அதாவது எழுதிய வரிகளை, கேட்டாராம். தரமாட்டேன், யாருக்கும் காட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றாராம் வைத்திருந்தவர்.

"அந்தக் கோபத்துலதான் அவர் ஆரம்பிச்சாராம். புரோகிராம்னா அதை ஓட்டலாம், உள்ளே பார்க்கலாம், மாத்தலாம், மாத்தினதை அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். இந்த உரிமை எல்லாருக்கும் வேணும். வாங்கினவன் அதை மூடிவைக்கவும் கூடாது."

"இது நம்ம அலமாரிதானுங்களே" என்றேன்.

சுந்தர் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆமாண்ணே. ரோலான் பூட்டு வாங்காம விட்டதை, அங்கே ஒருத்தர் சட்டம் மாதிரி எழுதி வெச்சிருக்கார்."

டிஸ்க்கின் மேல் அவர் பிரெஞ்சில் கையால் எழுதினார்: எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பாருங்கள், மாற்றுங்கள், மாற்றியதைத் திறந்தே கொடுங்கள். புரோகிராமின் மூலமும் அதே டிஸ்க்கில் இருந்தது. அந்தச் சனிக்கிழமை அவரே கூடத்துக்கு வந்து காட்டினார். பிளேன் மாக்னியனில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆலையிலும் இதே மிஷின், இதே தொல்லை. அவர்களுக்கு ஒரு நகல் கொண்டுபோய்க் கொடுக்கும்படி ரோலான் என்னிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போய்க் கொடுத்தேன். அங்கே மாதிரி உடுப்புப் பின்னுகிற மாலினி வாங்கிக்கொண்டாள். மொரீஷியஸ் தமிழ்ப் பெண். கிரியோலில் பேசினாலும் எங்களை அண்ணா என்பாள்.

அடுத்த வாரம் டைரக்டர் கூடத்துக்கு வந்தார். நோட்டீஸ் எதுவும் ஒட்டவில்லை, வாயால் சொன்னார். "இந்தப் புரோகிராம் என் ஆபீஸில், என் சம்பளத்தில் எழுதினது. நம்மகிட்ட இருக்கு, மத்தவங்ககிட்ட இல்லை. இப்போதைக்கு நம்ம பலமே அதுதான். வெளியே போகக் கூடாது. போச்சுன்னு தெரிஞ்சா, கொண்டுபோனவனும் வெளியேதான்."

என் பெர்மிட் முடிகிற காலம் அது. அதை நீட்டிக்கிற தாள் அவர் மேசையில் இருந்தது. ரோலான், "ஏற்கனவே போயிடுச்சுன்னு நானே அவர்கிட்ட சொல்றேன்" என்றார். "வேண்டாம் மிஸ்யே, பெர்மிட் வரட்டும்" என்று கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெர்மிட் வரும்வரை சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு காவடி வந்தது. தைப்பூசம் இங்கே எல்லாருக்கும் விடுமுறை. வெயில் கொளுத்தியது, சாலை முழுக்க மஞ்சள் தண்ணீர். நான் காவடிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். தலையில் பால்குடத்தோடு ஒரு பெண் என் பக்கம் ஒதுங்கினாள். மாலினி.

"அண்ணா, நல்ல வேளை பார்த்தேன். என் இடுப்புப் பையில ஒரு டிஸ்க் இருக்கு, எடு. எனக்குக் கை ஒழியல."

"இங்கேயா?"

"ஆயோ, வேற எங்கே? உங்க ஆலை வாசல்லயா? என்னை உள்ளே விடுவாங்களா?" நடந்துகொண்டே சொன்னாள். "பெரிய சைஸ் கை பின்னினீங்களா?"

"இல்லை. திங்கட்கிழமை தொடங்கறோம்."

"தொடங்காதே. பெரிய சைஸில் ரெண்டு ஓரமும் ஒரே வரியில குறையும், இல்லையா? அப்போ உங்க வெறும் ஓட்டம் நூலைத் தப்பான பக்கம் விட்டுடுது. ஓரத்துக் கண்ணி மாட்டறதில்லை. மிஷின்ல பார்த்தா அழகா இருக்கு. துவைச்சா ஏணி மாதிரி விட்டுப்போகுது. எங்க பையன் உள்ளே பார்த்துத் திருத்திட்டான். மூலமும் இருக்கு."

"நீங்க எங்களுக்கு எதுக்கு..."

"அதுலயே எழுதியிருக்கே, திறந்தே கொடுங்கன்னு. முருகா, கழுத்து வலிக்குது, எடு சீக்கிரம்."

பிளாஸ்டிக்கில் சுற்றிய டிஸ்க்கை எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன். கோயில் போய்ச் சேரும்வரை பாலோ மஞ்சள் தண்ணீரோ பட்டுவிடுமோ என்று நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டே நடந்தேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஆலையில் துவைப்பு என்பது கடைசி வேலை. முழு ஆர்டரும் பின்னி, கோத்து முடித்த பிறகுதான் தண்ணீர் படும். அதற்குள் அந்த நிறத்துக்கென்று சாயம் போட்ட நூல் தீர்ந்திருக்கும். சொன்னால் நான் பிளேன் மாக்னியனுக்குப் போனது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்கள் பின்னுவது எல்லாம் குப்பை. டிஸ்க்கை ரகசியமாக மாற்றி வைத்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் எது ஏன் மாறியது என்று தெரியாமல் சுந்தர் அடுத்த டிசைனில் பழையதையே எடுத்துவிட்டால்? ரோலானிடம் சொன்னேன். அவர் மீசையைத் தடவினார். "கொண்டுவந்தவன்தான் காட்டணும் பழனி. ஆனா உன் பெர்மிட் உன்னோடது. நான் உன்னைக் கூப்பிட மாட்டேன். நீயா வந்தால் வா."

சனிக்கிழமை மணி அடித்தது. கைகழுவிவிட்டுத் திரும்பினால், டைரக்டர் நிற்கிறார். திங்கட்கிழமை பெரிய சைஸ் தொடங்குகிறதே, எல்லாம் தயாரா என்று பார்க்க வந்தாராம். அதுவரை அவர் எங்கள் சனிக்கிழமைக்கு வந்ததே இல்லை. ரோலான் கை தட்டினார். "ஊவேர், மோந்த்ரே. யார்?"

யாரும் நகரவில்லை. என் கால்கள் நகர்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய டிஸ்க்கைப் போட்டுப் பெரிய சைஸ் கை ஒன்று பின்னினேன். இறங்கியதை ஒரு வாளி வெந்நீரில் போட்டுச் சோப்போடு கசக்கிப் பிழிந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று ஏணி விட்டது. சுந்தர் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். புது டிஸ்க்கைப் போட்டு இன்னொன்று பின்னினேன். அது இறங்கும்வரை கேரேஜ் போய்வருகிற சத்தம் மட்டும் கேட்டது. அதையும் கசக்கி இழுத்தேன். நின்றது. டைரக்டர் என் கையிலிருந்து பிடுங்கி அவரே இழுத்துப் பார்த்தார். சட்டைக் கை நனைந்தது.

"இந்த ரெண்டாவது டிஸ்க் எங்கேருந்து வந்தது?"

"பிளேன் மாக்னியன்."

"அவங்க நம்ம ஆர்டருக்குப் போட்டி போடறவங்க. அவங்க எதுக்கு நமக்குத் திருத்திக் கொடுக்கணும்?"

எனக்குத் தெரிந்த கிரியோல் எல்லாம் மறந்துபோனது. மூன்று சொல்தான் வந்தது. "நூ தி தொனே." நாம் கொடுத்திருந்தோம்.

"எப்போ?"

"நீங்க தடை சொல்றதுக்கு முன்னே. நான் அனுப்பினேன்" என்றார் ரோலான்.

டைரக்டர் ஈரமான ஸ்வெட்டர் கையை மிஷின் மேல் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பெரிய சைஸ் புது டிஸ்க்கில்தான் ஓடியது, சரக்கு கப்பலில் போனது. என் தாள் மட்டும் வரவில்லை. நான் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். தினமும் காலையில் அன்றைக்கு வேண்டிய சட்டையை மட்டும் எடுப்பேன். ஊருக்கு எழுதவில்லை. என்ன எழுதுவது? சுந்தரும், "என்னையும் அனுப்பினா சேர்ந்தே போவோம்ணே, ஜன்னல் சீட் உங்களுக்கு" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒருவழியாக ஐரோப்பாவிலிருந்து டெக்னீஷியன் வந்தார். நல்ல மனிதர், எங்களோடு தரையில் உட்கார்ந்து மிஷினுக்கு அடியில் பார்த்தார். ஊசிகள் ஏன் உடையவில்லை என்று அவருக்கு ஆச்சரியம். சுந்தர் ஆபீஸில் எல்லாவற்றையும் திறந்து காட்டினார். டைரக்டரும் ரோலானும் நானும் நின்றோம். அவர் நெடுநேரம் படித்தார். "அழகாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார். "எங்கள் அடுத்த பதிப்பில் இதையே சேர்த்துவிடலாம். ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா?"

"தாராளமா. மேலே எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டு எடுத்துக்குங்க" என்றார் சுந்தர்.

டெக்னீஷியன் படித்தார். "மாற்றியதைத் திறந்தே கொடுங்கள்... அப்படியென்றால், இது உள்ளே போனால் எங்கள் பெட்டியை நாங்கள் திறக்க வேண்டுமா?"

"ஆமாம். எல்லாருக்கும்."

அவர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டும் என்று முகத்தில் தெரிந்தது. "எனக்கு அந்த அதிகாரம் இல்லை" என்று சொல்லி, மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டார்.

டைரக்டர் அவரையும் டிஸ்க்கையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு விரலால் அதை என் பக்கம் தள்ளினார். "திறந்து கொடுத்ததாலதான் நமக்குத் திருத்தி வந்தது. கொண்டுபோய் அந்த அலமாரியில் வை" என்றார். நான் எடுத்துக்கொண்டு கதவுவரை போனபோது, "பழனி" என்றார். நின்றேன். "சாயங்காலம் ரூமுக்கு வா. உன் தாளில் கையெழுத்துப் போடணும். கிடப்பில் கிடக்கு."

டிஸ்க்கோடு அலமாரிக்குப் போனேன். ரோலான் கூடவே நடந்து வந்தார். டிஸ்க்கை அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அது வழக்கம்போல மறுபடி கொஞ்சம் திறந்துகொண்டது.

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றார் ரோலான். "ஒரு பெட்டியை ஏன் திறக்க முடியலைன்னு நீதான் காட்டணும்."